ஹார்ட் டிஸ்க்கில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது? வேகத்தின் பாதிக் கணக்கு அதில்தான்

2004 வாக்கில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டூடியோவின் கம்ப்யூட்டர்களை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மினி டிவி (MiniDV) கேசட்டில் எடுத்ததை ஃபயர்வயர் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி ஒட்டி, டிவிடி போட்டுக் கொடுப்பார்கள். ஒருநாள் எடிட்டர் கூப்பிட்டார். “தம்பி, கேப்சர் பண்ணும்போது ஃப்ரேம் ட்ராப் ஆகுதுப்பா. சரியா தாலி கட்டுற இடத்துல பதினாலு ஃப்ரேம் போயிருச்சு.” கேசட் கையில் இருந்ததால் இழப்பு ஒன்றுமில்லை. மறுபடி ஓட்டினோம். இந்த முறை வேறு இடத்தில் ஒன்பது ஃப்ரேம் போனது.

கேபிளை மாற்றினோம். ரேம் கூட்டினோம். ஒன்றும் நடக்கவில்லை. மினி டிவி வீடியோவுக்கு நொடிக்கு 3.6 எம்பி எழுதினால் போதும். அந்த டிஸ்க்கோ நொடிக்கு 40, 50 எம்பி எழுதக்கூடியது. பத்து மடங்குக்கு மேல் திறன் உள்ள டிஸ்க் ஏன் திணற வேண்டும்? மொத்தம் 80 ஜிபியில் 6 ஜிபிதான் மிச்சம் இருந்தது. அந்த 6 ஜிபியும் ஒரே இடத்தில் இல்லை. பழைய கல்யாணங்களை அழித்த இடங்களில் சின்னச் சின்ன ஓட்டைகளாகச் சிதறிக் கிடந்தது. விண்டோஸும் அதே டிஸ்க்கில்தான். இன்னொரு டிஸ்க் வாங்கி, அதைக் கேப்சருக்கென்றே ஒதுக்கினோம். அதே மெஷின், அதே கேபிள், அதே கேசட். ஒரு ஃப்ரேம்கூட விழவில்லை.

ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஃபைல் இருக்கிறதா இல்லையா என்பதோடு, எங்கே இருக்கிறது என்பதும் வேகத்தை முடிவு செய்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இன்று லேப்டாப்பில் பெரும்பாலும் தட்டில்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி வந்துவிட்டது. ஆனாலும் பேக்கப் எடுக்கும் வெளி டிஸ்க், சிசிடிவி பதிவுப் பெட்டி, ஆபீஸ் சர்வர், பெரிய டேட்டா சென்டர்களின் சேமிப்பு அலமாரிகள் என்று சுழலும் தட்டுகள் இன்னும் கோடிக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதனால் இந்தக் கணக்கு இன்னும் காலாவதியாகவில்லை.

பழுதான ஒரு டிஸ்க் கையில் கிடைத்தால் திறந்து பாருங்கள். நட்சத்திர வடிவத் தலை கொண்ட திருகுகள் இருக்கும். ஒன்று ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருக்கும். மூடியை எடுத்தால் கண்ணாடிபோல் முகம் தெரியும் வட்டத் தட்டு. அதன் ஓரத்திலிருந்து உள்ளே நீளும் ஒரு மெல்லிய கை. அந்தக் கையின் நுனியில் எள்ளைவிடச் சின்னதாக ஒட்டிக்கொண்டிருப்பதுதான் ஹெட். கையை விரலால் மெதுவாகத் தள்ளினால் தட்டின் விளிம்பிலிருந்து நடுவரை ஒரு வில் வடிவில் போய்வரும். இரண்டு, மூன்று தட்டுகள் இருந்தாலும் எல்லா ஹெட்டும் ஒரே அச்சில் கட்டப்பட்டவை. ஒன்று நகர்ந்தால் எல்லாமே நகரும். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிற்க முடியாது.

சரி, ஒரு ஃபைலைப் படிக்க என்ன நடக்க வேண்டும்? தட்டில் டேட்டா டிராக் என்ற வட்டப் பாதைகளில் இருக்கும், ஒவ்வொரு டிராக்கும் செக்டர் என்ற சின்னத் துண்டுகளாகப் பிரிந்திருக்கும். முதலில் கை சரியான டிராக்குக்கு நகர வேண்டும். மேசைக் கம்ப்யூட்டர் டிஸ்க்கில் இதற்குச் சராசரியாக 9 மில்லி விநாடி பிடிக்கும். பிறகு, வேண்டிய செக்டர் சுழன்று ஹெட்டுக்கு அடியில் வரும்வரை காத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. சராசரியாக அரைச் சுற்று காத்திருப்பு, அதாவது 4 மில்லி விநாடி சொச்சம். ஆக, படிக்கத் தொடங்குவதற்கு முன்பே 13 மில்லி விநாடி போய்விட்டது. படிக்கத் தொடங்கிவிட்டால் நொடிக்கு 150 எம்பி என்று கொட்டும்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹெட் ஒருமுறை தாவும் 13 மில்லி விநாடியில், தாவாமல் இருந்திருந்தால் ஏறத்தாழ 2 எம்பி படித்திருக்கலாம். 4 எம்பி பாட்டு ஒன்று ஒரே நீளமாகக் கிடந்தால் 40 மில்லி விநாடியில் வந்துவிடும். அதே பாட்டு 20 துண்டுகளாகச் சிதறிக் கிடந்தால் 290 மில்லி விநாடி ஆகும். ஏழு மடங்கு. துண்டுகள் ஒவ்வொன்றும் 4 கேபி அளவுக்குப் பொடியாகிவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: நொடிக்கு 75 தாவல், தாவலுக்கு 4 கேபி, ஆக நொடிக்கு 300 கேபி. 150 எம்பி டிஸ்க் 300 கேபி டிஸ்க்காகிவிடும். டிஸ்க் கெட்டுப்போகவில்லை, வேலை செய்கிற நேரமெல்லாம் நடையிலேயே கழிகிறது.

தாளிக்கிற நேரத்தில் கடுகு ஒரு அலமாரியிலும், சீரகம் இன்னொரு அறையிலும், வெந்தயம் பரணிலும் இருந்தால் எண்ணெய் கருகிவிடும். அதற்காகத்தான் நம் வீட்டில் அஞ்சறைப் பெட்டி. சேர்ந்து தேவைப்படுபவை சேர்ந்து இருக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்குவதற்காகக் கடந்த அறுபது, எழுபது ஆண்டுகளில் வந்த யுக்திகளில் முக்கால்வாசி இந்த ஒரு எண்ணத்தின் வேறு வேறு வடிவங்கள்தான்.

முதல் ஹார்ட் டிஸ்க் 1956-இல் ஐபிஎம் கொண்டுவந்த 350. ராமாக் என்ற கம்ப்யூட்டரோடு வந்தது. 24 அங்குலத் தட்டுகள் 50 ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். ஹெட் பொருத்திய கை மேலும் கீழும் போய், சரியான தட்டுக்கு நேராக நின்று, உள்ளே நுழைய வேண்டும். சராசரியாக 600 மில்லி விநாடி. மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. பதிவுகளை எந்தத் தட்டில் வைப்பது என்பது அங்கே கண்ணுக்குத் தெரியும் கேள்வி.

பிறகு வந்த பர்சனல் கம்ப்யூட்டர்களில் அந்தக் கேள்வி வேறு வேஷத்தில் வந்தது. 1983-இல் வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டியில் 10 எம்பி டிஸ்க். நிமிடத்துக்கு 3600 சுற்று, டிராக்குக்கு 17 செக்டர். செக்டர்களை 1, 2, 3 என்று வரிசையாக எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? முதல் செக்டரைப் படித்து மெமரிக்கு அனுப்பிவிட்டு, டிஸ்க்கை இயக்கும் கன்ட்ரோலர் திரும்புவதற்குள் இரண்டாவது செக்டர் ஹெட்டைத் தாண்டிப் போய்விடும். அது மறுபடி வர ஒரு முழுச் சுற்று. இப்படி ஒரு டிராக்கைப் படிக்க 17 சுற்று. அதனால் செக்டர்களை வேண்டுமென்றே கலைத்து எண் போட்டார்கள். 1-க்கு அடுத்து நடுவில் ஐந்து இடம் விட்டு 2, மறுபடி ஐந்து இடம் விட்டு 3. கன்ட்ரோலர் தயாராகும்போது அடுத்த செக்டர் சரியாக வந்து நிற்கும். ஆறு சுற்றில் முழு டிராக்கும் முடிந்தது. இதற்கு இன்டர்லீவ் என்று பெயர். வரிசையாக வைத்தால் நொடிக்கு 30 கேபி, கலைத்து வைத்தால் 85 கேபி. பக்கத்தில் வைப்பதுதான் எப்போதும் நல்லது என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: யார் படிக்கிறார், எவ்வளவு வேகமாகப் படிக்கிறார் என்று பார்க்காமல் இடத்தை முடிவு செய்ய முடியாது. பின்னால் டிஸ்க்கிலேயே முழு டிராக்கையும் பிடித்து வைக்கும் மெமரி வந்ததும் இந்த வித்தை தேவையில்லாமல் போயிற்று.

இன்னொரு பழைய வித்தை எனக்கு மிகவும் பிடித்தது. டிஸ்க்கில் எந்த ஃபைல் எங்கே என்ற பட்டியலை எங்கே வைப்பது? ஒவ்வொரு முறையும் அங்கே போய்த்தான் ஆக வேண்டும். ஓரத்தில் வைத்தால், மற்ற இடங்களிலிருந்து அங்கே போக ஹெட் சராசரியாகப் பாதி அகலம் நகர வேண்டும். நடுவில் வைத்தால் கால் அகலம் போதும். கமடோர் 1541 ஃப்ளாப்பி டிரைவில் மொத்தம் 35 டிராக். பட்டியல் இருந்தது 18-ஆவது டிராக்கில். சரியாக நட்டநடு. ஓஎஸ்/2 என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்துக்காக 1989-இல் வந்த எச்பிஎஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டமும் (ஃபைல்களை டிஸ்க்கில் வைத்துக் கணக்குப் பார்க்கும் முறை) ஃபோல்டர் பட்டியல்களை டிஸ்க்கின் நடுவில் வைத்தது. இதையே நீட்டினால் மிக அதிகம் தேவைப்படும் ஃபைல் நடுவில், அதற்கடுத்தவை இருபுறமும் மாறி மாறி, யாரும் தொடாதவை இரண்டு ஓரங்களில். கோயில் கோபுரத்தைத் தூரத்திலிருந்து பார்ப்பதுபோல் நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும் அடுக்கு. கணக்குப்படி ஹெட் நடப்பது மிகக் குறைவாக இருப்பது இந்த அமைப்பில்தான்.

ஆனால் இந்தத் துறையில் உண்மையான திருப்பம் யூனிக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தில் நடந்தது. ஆரம்பகால யூனிக்ஸ் ஃபைல் சிஸ்டம் மிக எளிமையானது. டிஸ்க்கின் தொடக்கத்தில் எல்லா ஃபைல்களின் விவரக் குறிப்புகளும், அதற்குப் பின்னால் எல்லா ஃபைல்களின் உள்ளடக்கமும். ஒவ்வொரு ஃபைலைத் திறக்கவும் ஹெட் முன்னால் ஓடிக் குறிப்பைப் படித்து, பின்னால் ஓடி உள்ளடக்கத்தை எடுக்க வேண்டும். காலி இடங்களின் பட்டியல் புது டிஸ்க்கில் வரிசையாக இருக்கும். ஃபைல்களை எழுதி அழித்து எழுதி அழித்து, அது சீட்டுக்கட்டைக் கலைத்ததுபோல் ஆகிவிடும். அப்புறம் எழுதும் புது ஃபைல் எல்லாம் பிறக்கும்போதே சிதறல்தான். புதிதாக உருவாக்கியபோது நொடிக்கு 175 கேபி வரை கொடுத்த ஃபைல் சிஸ்டம், சில வார நடுத்தரப் பயன்பாட்டிலேயே 30 கேபிக்கு இறங்கிவிடும். ஓரளவு மெருகேற்றிய பிறகும் டிஸ்க்கின் முழுத் திறனில் 4 சதவீதத்தைத்தான் எட்ட முடிந்தது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மார்ஷல் கிர்க் மெக்குசிக், வில்லியம் ஜாய், சாமுவேல் லெஃப்லர், ராபர்ட் ஃபேப்ரி ஆகிய நால்வரும் இதை மாற்றி எழுதினார்கள். ஃபாஸ்ட் ஃபைல் சிஸ்டம் என்று பெயர். 1983-இல் பெர்க்லியின் யூனிக்ஸ் பதிப்பான 4.2 பிஎஸ்டியோடு வெளிவந்தது, 1984-இல் ஆய்வுக் கட்டுரையாகவும் அச்சானது. டிஸ்க்கை ஒரே பெரிய மைதானமாகப் பார்க்காமல், பக்கத்துப் பக்கத்து டிராக்குகளைச் சேர்த்துப் பல வட்டாரங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் சொந்தமாகக் குறிப்பேடு, சொந்தமாகக் காலி இடக் கணக்கு. ஒரு ஃபோல்டருக்குள் உள்ள ஃபைல்கள் எல்லாம் ஒரே வட்டாரத்தில் இருக்கட்டும். ஒரு ஃபோல்டரைத் திறப்பவர் அதற்குள் இருப்பவற்றைத்தான் அடுத்தடுத்துக் கேட்பார். புது ஃபோல்டர் போட்டால், அது கூட்டம் குறைந்த வேறு வட்டாரத்துக்குப் போகட்டும்.

எனக்கு ஆச்சரியமாக இருப்பது இந்த இரண்டாவது விதி. சேர்த்து வைக்க வேண்டும் என்பது யாருக்கும் தோன்றும். சேர்த்து வைக்க வேண்டுமானால், சம்பந்தமில்லாதவற்றை முன்கூட்டியே தள்ளி வைக்க வேண்டும் என்பது அவ்வளவு எளிதில் தோன்றாது. எல்லாவற்றையும் ஒரே மூலையில் அடைத்தால், நாளைக்கு அந்த ஃபோல்டர் வளர இடம் இருக்காது. பெரிய ஃபைல் ஒன்று ஒரு வட்டாரம் முழுவதையும் விழுங்கிவிடக் கூடாது என்று, ஓர் அளவைத் தாண்டியதும் அதை அடுத்த வட்டாரத்துக்கு நகர்த்தவும் விதி செய்தார்கள். டிஸ்க்கில் 10 சதவீதத்தை எப்போதும் காலியாகவே வைக்கச் சொன்னார்கள். காலி இடம் இல்லாவிட்டால் நல்ல இடம் தேர்ந்தெடுக்க வழியில்லை. இதனால் கிடைத்த பலன், பழையதைவிடப் பத்து மடங்கு வரை வேகம். இன்றைய லினக்ஸின் எக்ஸ்ட் 4 ஃபைல் சிஸ்டம் வரைக்கும் இந்த வட்டார யோசனை அப்படியே இருக்கிறது. அங்கே ஒரு வட்டாரம் வழக்கமாக 128 எம்பி.

எக்ஸ்ட் 4, 2008-இல் இன்னொரு நல்ல பழக்கத்தையும் சேர்த்துக்கொண்டது. பந்தியில் இலை போடுகிறவரை நினைத்துப் பாருங்கள். பத்துப் பேர் கொண்ட குடும்பம் ஒவ்வொருவராக வந்தால், ஆங்காங்கே காலியாக இருக்கும் இலையில் உட்காரவைத்துவிடுவார். எல்லோரும் வரட்டும் என்று கொஞ்சம் பொறுத்தால் ஒரே வரிசையில் உட்காரவைக்கலாம். எக்ஸ்ட் 4 அப்படித்தான். எழுதச் சொன்னதும் ஓடிப்போய் இடம் பிடிக்காமல், மெமரியில் சேர்த்து வைத்துக்கொண்டு, மொத்த அளவு தெரிந்த பிறகு ஒரே நீளமான இடமாகப் பார்க்கும்.

விண்டோஸ் பக்கம் கதை வேறு. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து ஃபேட் முறையில் முன்யோசனை என்பதே கிடையாது. கிடைத்த ஓட்டையில் போட வேண்டியது, மிச்சத்தை அடுத்த ஓட்டையில் போட வேண்டியது. அதனால் அடுக்கும் வேலை பின்னால் ஒரு தனிச் சடங்காக வந்தது. நார்ட்டன் ஸ்பீட் டிஸ்க் போன்ற மென்பொருள்கள் புகழ்பெற்றன. 1993-இல் எம்எஸ்-டாஸ் 6 தன்னோடு ஒரு டிஃப்ராக்கை, அதாவது சிதறிய துண்டுகளைச் சேர்த்து அடுக்கும் மென்பொருளை, கொண்டுவந்தது. விண்டோஸ் 98-இல் அந்த வண்ணச் சதுரங்களை மணிக்கணக்கில் பார்த்தவர்கள் பலர் இருப்பீர்கள். பாதி ஓடியிருக்கும், பின்னணியில் ஏதோ ஒன்று டிஸ்க்கில் எழுதிவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஸ்க்ரீன் சேவரை நிறுத்தி, ஆன்டிவைரஸை நிறுத்தி, யூபிஎஸ் தாங்குமா என்று பார்த்து, இரவில் ஓடவிட்டுப் போவோம்.

2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இதில் பெரிய அடி எடுத்து வைத்தது. பலருக்கு அது தெரியவே இல்லை. ஒரு புரோகிராமைத் திறந்தால் முதல் பத்து நொடியில் எந்தெந்த ஃபைலின் எந்தெந்தப் பகுதி படிக்கப்படுகிறது என்று அது குறிப்பெடுக்கும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் ப்ரீஃபெட்ச் என்ற ஃபோல்டரில் அந்தக் குறிப்புகள் இருக்கும். அடுத்த முறை அதே புரோகிராமைத் திறக்கும்போது எல்லாவற்றையும் முன்கூட்டியே மொத்தமாகப் படித்துவிடும். அதோடு, மூன்று நாளுக்கு ஒருமுறை, கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரம் பார்த்து, அந்தக் குறிப்புகளை வைத்தே ஒரு வரிசைப் பட்டியல் போட்டு, தொடர்புள்ள ஃபைல்களை டிஸ்க்கில் ஒரே இடத்துக்கு இழுத்து வந்து, தேவைப்படும் வரிசையிலேயே அடுக்கும். சொல்லப்போனால் தானே அடுக்கிக்கொள்ளும் அஞ்சறைப் பெட்டி. அந்த ஃபோல்டரைக் காலி செய்தால் கம்ப்யூட்டர் வேகமாகும் என்று பல ஆண்டுகள் ஒரு யோசனை சுற்றியது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள் என்று நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். காலி செய்தால் அடுத்த முறை எல்லாமே மெதுவாகத்தான் திறக்கும். விண்டோஸ் மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டும்.

ஆப்பிளும் 2003-இல் மேக் ஓஎஸ் 10.3-இல் ஏறத்தாழ இதே வழிக்கு வந்தது. 20 எம்பிக்குக் குறைவான ஃபைல் எட்டுத் துண்டுக்கு மேல் சிதறியிருந்தால், அதைத் திறக்கும்போதே ஒட்டவைத்துவிடும். அடிக்கடி படிக்கப்படும் சின்ன ஃபைல்களுக்கென்று தனி இடமும் ஒதுக்கியது.

எத்தனை துண்டு ஆனால் கவலைப்பட வேண்டும்? விண்டோஸ் விஸ்டா வந்தபோது 64 எம்பிக்கு மேல் நீளமுள்ள துண்டுகளை டிஃப்ராக் கண்டுகொள்ளாமல் விட்டது. சரிதானா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 64 எம்பி படிக்க 430 மில்லி விநாடி, அடுத்த துண்டுக்குத் தாவ 13 மில்லி விநாடி. மூன்று சதவீத நஷ்டம். அதைச் சரிசெய்ய 64 எம்பியைப் படித்து இன்னோரிடத்தில் எழுதுவது வீண் வேலை. எட்டு ஜிபி படம் ஒன்று நூறு துண்டாக இருக்கிறது என்று எந்த மென்பொருளாவது சிவப்பில் காட்டினால் பதற வேண்டாம். சின்ன ஃபைல்கள் பொடியாவதும், ஒரே ஃபோல்டரின் ஃபைல்கள் டிஸ்க் முழுக்கச் சிதறுவதும்தான் உண்மையான வலி.

இப்போது தட்டின் வெளி விளிம்புக்கு வருவோம். ராட்டினத்தில் உள் குதிரையில் உட்கார்ந்தாலும் வெளிக் குதிரையில் உட்கார்ந்தாலும் சுற்று ஒன்றுதான். ஆனால் வெளிக் குதிரை போகும் தூரம் அதிகம். டிஸ்க்கிலும் வெளி டிராக் நீளமானது, அதில் அதிக செக்டர் அடங்கும். ஒரே சுற்றில் அதிக டேட்டா. வெளி விளிம்பில் கிடைக்கும் வேகம் உள் விளிம்பில் கிடைப்பதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஏறத்தாழ எல்லா ஹார்ட் டிஸ்க்கும் எண்ணத் தொடங்குவது வெளியிலிருந்துதான். சிடியில் இது நேர் எதிர். அது உள்ளிருந்து வெளியே போகும். ஹார்ட் டிஸ்க் வெளியிலிருந்து தொடங்குவதால் அதன் முதல் பார்ட்டிஷனான, அதாவது முதல் பிரிவான, சி டிரைவ் இயல்பாகவே வேகமான இடத்தில் இருக்கிறது, கடைசி பார்ட்டிஷன் மிக மெதுவான இடத்தில்.

பெரிய டேட்டாபேஸ் சர்வர்களில் இதையே ஒரு எல்லை வரை கொண்டு போனார்கள். டிஸ்க்கின் வெளிப்பகுதியில் கால்வாசியை மட்டும் பயன்படுத்திவிட்டு மிச்சத்தைத் தொடாமலே விட்டுவிடுவது. இடம் வீண்தான். ஆனால் ஹெட் நகர வேண்டிய தூரம் சுருங்கிவிடும், படிக்கும் வேகமும் உச்சத்தில் இருக்கும். ஷார்ட் ஸ்ட்ரோக்கிங் என்பார்கள். நம் வீட்டு டிஸ்க்கில் இதன் எளிய வடிவம்: முதல் பார்ட்டிஷனை அளவாக வைத்து அதில் விண்டோஸும் புரோகிராம்களும், பின்னால் வரும் பெரிய பார்ட்டிஷனில் படம், பாட்டு, பழைய ஃபோட்டோ. படம் ஓட நொடிக்கு ஒன்றிரண்டு எம்பி போதும், உள் விளிம்பே அதற்குத் தாராளம்.

இங்கே ஒரு தவறான புரிதல் உண்டு. ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் ஸ்வாப் ஃபைலை டி டிரைவுக்கு மாற்றினால் வேகமாகும் என்று பலர் மாற்றுவார்கள். டி என்பது அதே டிஸ்க்கின் இன்னொரு பார்ட்டிஷன் என்றால், ஹெட் இப்போது இரண்டு பார்ட்டிஷனுக்கும் நடுவில் முன்னைவிட நீளமாக ஓட வேண்டும். மாற்றினால் உண்மையிலேயே இன்னொரு டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும். ஸ்டூடியோவில் எங்களுக்கு வேலை செய்ததும் அதுதான்: இரண்டு டிஸ்க் என்றால் இரண்டு கை.

இரண்டு காப்பிகளை ஒரே நேரத்தில் ஓடவிடுவதும் இதே தவறுதான். சி-யிலிருந்து வெளி டிஸ்க்குக்கு 20 ஜிபி போய்க்கொண்டிருக்கும்போதே இன்னொரு 20 ஜிபியைத் தொடங்கினால், இரண்டும் பாதி வேகத்தில் ஓடாது. பாதிக்கும் கீழே போகும். டிஸ்க்குகளும் ஆபரேட்டிங் சிஸ்டமும் கோரிக்கைகளை லிஃப்ட் மாடி வரிசையில் நிற்பதுபோல் ஒழுங்குபடுத்தித்தான் ஹெட்டை அனுப்புகின்றன. அப்படியும் நடை நடைதான். ஒன்று முடியட்டும், அப்புறம் அடுத்தது.

பொடி ஃபைல்கள் பற்றி ஒரு கணக்கு. 1 ஜிபி அளவுள்ள ஒரே வீடியோவைப் படிக்க ஏழு நொடி. அதே 1 ஜிபி 20,000 சின்ன ஃபைல்களாக இருந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு தாவல் என்று வைத்துக்கொண்டாலும் 260 நொடி. உண்மையில் பெயர்ப் பட்டியல், தேதி, அளவு என்று எழுதவும் தாவல்கள் சேரும். பழைய ப்ராஜெக்ட், மெயில் ஃபோல்டர், வெப்சைட் பேக்கப் போன்றவற்றை ஜிப் செய்து ஒரே ஃபைலாக வெளி டிஸ்க்கில் வைப்பது இதனால்தான். சுருங்குகிறதோ இல்லையோ, ஒரே நீளமாக எழுதப்படுகிறது.

2010-ஐ ஒட்டி இடம் பற்றிய இன்னொரு சிக்கல் வந்தது. அதுவரை செக்டர் 512 பைட். புது டிஸ்க்குகள் உள்ளுக்குள் 4 கேபி செக்டருக்கு மாறின. எக்ஸ்பி முதல் பார்ட்டிஷனை 63-ஆவது செக்டரில் தொடங்கும். 63 எட்டால் வகுபடாது. எனவே விண்டோஸ் எழுதும் ஒவ்வொரு 4 கேபியும் டிஸ்க்கின் இரண்டு செக்டர்களில் காலை அகட்டி நிற்கும். எழுதுவதற்கு முன் இரண்டையும் படித்து, திருத்தி, ஒரு முழுச் சுற்று காத்திருந்து, மறுபடி எழுத வேண்டும். விஸ்டாவிலிருந்து பார்ட்டிஷன் 1 எம்பியில் தொடங்குவதால் தொல்லை தீர்ந்தது. பழைய மெஷினிலிருந்து அப்படியே க்ளோன் செய்த டிஸ்க் காரணமில்லாமல் மெதுவாக எழுதினால், முதலில் பார்க்க வேண்டியது இது.

எஸ்எஸ்டியில் ஹெட் இல்லை, சுழற்சி இல்லை, தாவலுக்கு மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. நாம் பக்கத்தில் என்று நினைப்பதை அதன் கன்ட்ரோலர் வேறு வேறு சிப்களில் பரப்பி வைத்திருக்கும். அங்கே டிஃப்ராக் செய்வதால் மிஞ்சுவது தேய்மானம் மட்டுமே. விண்டோஸ் 7 எஸ்எஸ்டியைக் கண்டால் டிஃப்ராக் அட்டவணையைத் தானே நிறுத்திக்கொண்டது. அதற்குப் பின் வந்தவையும் டிஸ்க்கின் வகை பார்த்துத்தான் நடந்துகொள்கின்றன. தனியாக ஒரு டிஃப்ராக் மென்பொருள் இன்று யாருக்கும் தேவையில்லை என்பது என் கருத்து. விண்டோஸில் உள்ளதே போதும். செய்ய வேண்டியது ஒன்றுதான், டிஸ்க்கில் 15 சதவீதமாவது காலியாக விடுங்கள். எக்ஸ்பியின் டிஃப்ராக் வேலை செய்யவே அவ்வளவு காலி இடம் கேட்டது. அந்த ஸ்டூடியோ டிஸ்க்கில் 8 சதவீதம்கூட இல்லை.

இப்போது சந்தையில் கிடைக்கும் வெளி டிஸ்க்குகளில் பல எஸ்எம்ஆர் என்ற வகை. அதிக டேட்டாவை அடைப்பதற்காக டிராக்குகளை நாட்டு ஓடு வேய்வதுபோல் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் படியும்படி எழுதுகிறார்கள். கூரையில் ஓர் ஓடு மாற்ற வேண்டுமென்றால் அதன்மேல் படிந்த ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டும் அல்லவா? இங்கும் நடுவில் ஒரு சின்ன மாற்றம் என்றால், ஒன்றின்மேல் ஒன்று படிந்த டிராக்குகளின் அந்தப் பட்டை முழுவதையும் படித்து மறுபடி எழுத வேண்டும். அந்தத் தாமதத்தை மறைக்க, வருவதை முதலில் ஒரு தனி இடத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, ஓய்வு கிடைக்கும்போது உரிய இடத்தில் அடுக்கும். இந்த டிஸ்க்கில் டிஃப்ராக் ஓட்டுவது கூரையை முழுக்கப் பிரித்து மேய்வதற்குச் சமம், வேண்டாம். ஃபைல்களைப் பெரிய ஜிப்களாக, ஒரே மூச்சில், வரிசையாக எழுதுங்கள். நடுவில் அழித்து அழித்து எழுதாதீர்கள். காப்பி முடிந்த பிறகும் சில வேளை அதன் சின்ன விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும், கை வைத்தால் உள்ளே மெல்லிய அதிர்வு தெரியும். ஓடுகளை அடுக்கிக்கொண்டிருக்கிறது. அது அடங்கும்வரை கேபிளைப் பிடுங்காமல் விட்டுவையுங்கள்.